நான்கு காப்ளின்கள், நான்கு முதல் லெவல் ஆட்கள்

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற, பகடை உருட்டிக் கதைமாந்தராக ஆடும் மேசை விளையாட்டை ஆட நான்கு பேர் புதிதாகக் கூடினால் முதலில் எழும் கேள்வி "யார் ஹீலர்?" (காயம் ஆற்றுபவர்) என்பதுதான். அடுத்தது "டாங்க் யாரு?" (முன்னே நின்று அடியைத் தாங்குபவர்). இந்த இரண்டு இடமும் நிரம்பிவிட்டால் பார்ட்டி (ஆடுபவர்களின் அணி) தயார் என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். பிறகு முதல் சண்டையிலேயே விஸார்ட் (மந்திரவாதி) விழுவார், அவரைத் தூக்கப் போன கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரி) விழுவார், கடைசியில் ஃபைட்டர் (போர்வீரர்) மட்டும் தனியாக நின்று அடிவாங்குவார். பட்டியல் சரியாக இருந்தும் ஏன் இப்படி ஆகிறது?

இந்தப் பட்டியல் பழையது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பில் ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக் என்று மூன்றே வகுப்புகள் (கதைமாந்தர் வகைகள்). 1975இல் துணைநூலில் திருடன் வந்து சேர்ந்தான். அதிலிருந்தே "நால்வர் அணி" என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு அதை விதியாகவே எழுதி, டிஃபெண்டர் (காப்பவர்), ஸ்ட்ரைக்கர் (அதிக சேதம் செய்பவர்), லீடர் (மற்றவரை ஆற்றி உதவுபவர்), கன்ட்ரோலர் (களத்தைக் கட்டுப்படுத்துபவர்) என்று ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வேலையை ஒட்டிக் கொடுத்தது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்த லேபிள்களை எடுத்துவிட்டது. ஆட வருகிறவர்களின் மனதிலிருந்து அவை போகவில்லை. இங்கே வரும் எண்களெல்லாம் அந்த 2014 விதிகளின்படி. 2024 திருத்தத்தில் மாறிய சிலவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

என் பார்வையில் ஒரு பார்ட்டி பிழைக்குமா என்பதை முடிவு செய்வது ஒரு ரவுண்டில் (எல்லோருக்கும் ஒரு முறை வரும் சுற்றில்) எந்தப் பக்கம் எத்தனை முறை அடிக்கிறது என்ற கணக்குதான். வகுப்பு, ஆயுதம், ஸ்பெல் (மந்திரம்) எல்லாவற்றையும் அந்தக் கணக்கை மாற்றும் கருவிகளாகப் பார்த்தால் பல குழப்பங்கள் தீர்ந்துவிடும்.

ஒரு உதாரணம். இரண்டாம் லெவலில் நான்கு பேர். எதிரே ஒரு ஓகர் (பெரிய அரக்கன்): ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 11, ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 59, அடிக்க 20 பக்கப் பகடையோடு +6, ஒரு அடிக்குச் சேதம் 2டி8+4 (இரண்டு 8 பக்கப் பகடையின் கூட்டலோடு 4), அதாவது சராசரியாக 13. எக்ஸ்பி (எதிரியின் கடினத்தைக் காட்டும் அனுபவப் புள்ளி) 450. அதே நால்வருக்கு எதிரே எட்டு காப்ளின்களை (குட்டி அரக்கர்களை) நிறுத்துங்கள். காப்ளின் ஒன்றுக்கு ஏசி 15, ஹெச்பி 7, அடிக்க +4, சேதம் 1டி6+2, எக்ஸ்பி 50. எட்டுக்கும் சேர்த்து 400. எக்ஸ்பியை மட்டும் பார்த்தால் காப்ளின் கூட்டம் ஓகரைவிடச் சற்று எளிதாகத் தெரியும்.

பார்ட்டியில் எல்லோருக்கும் ஏசி 16 என்று வைத்துக்கொள்வோம். ஓகர் அடிப்பது ஒரே முறை. பகடையில் 10க்குக் குறையாமல் விழ வேண்டும், 55 சதவீத வாய்ப்பு. ரவுண்டுக்குச் சராசரியாக 7 சேதம். காப்ளின்கள் அடிப்பது எட்டு முறை. ஒவ்வொன்றுக்கும் 45 சதவீத வாய்ப்பு, பட்டால் 5.5. முதல் ரவுண்டில் மட்டும் சராசரியாக ஏறக்குறைய 20 சேதம். ஏறக்குறைய மூன்று மடங்கு! ஓகருக்கு எதிராக நால்வரும் +5 போட்டு 1டி8+3 அடித்தால் மூன்றாவது ரவுண்டில் அது சரிந்துவிடும். காப்ளின்கள் ஏசி 15 என்பதால் பாதி வீச்சு தவறிப்போகும். பட்ட அடியிலும் எட்டில் மூன்று, 7 ஹெச்பியை முழுசாகத் தீர்க்காது.

விதிநூல் இதை அறிந்தே ஒரு பெருக்கல் வைத்திருக்கிறது. ஒரே எதிரி என்றால் எக்ஸ்பி அப்படியே. இரண்டு என்றால் ஒன்றரை மடங்கு, மூன்று முதல் ஆறு வரை இரண்டு மடங்கு, ஏழு முதல் பத்து வரை இரண்டரை மடங்கு. இரண்டாம் லெவல் நால்வருக்குச் சண்டையின் எல்லைகள்: மீடியம் (நடுத்தரம்) 400, ஹார்ட் (கடினம்) 600, டெட்லி (உயிருக்கே ஆபத்து) 800. ஓகரின் 450 மீடியத்தில் நின்றுவிடும். காப்ளின்களின் 400ஐ இரண்டரையால் பெருக்கினால் 1000, டெட்லியைத் தாண்டிவிட்டது. சண்டை தயாரிக்கும் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) இந்தப் பெருக்கலை மறப்பதால்தான் "சின்ன சண்டை" என்று நினைத்து வைத்தது பார்ட்டியையே துடைத்துவிடுகிறது. பார்ட்டியில் இரண்டே பேர் என்றால் ஒரு படி மேலுள்ள பெருக்கல், ஆறு பேரோ அதற்கு மேலோ என்றால் ஒரு படி கீழே.

எண்ணிக்கை மட்டும் ஆபத்து என்று சொல்லவில்லை. அதே ஓகரை முதல் லெவல் பார்ட்டி முன் நிறுத்தினால் வேறொரு பிரச்சினை வரும். கான் (உடல் தாங்குதிறன்) 14 வைத்த முதல் லெவல் விஸார்டுக்கு 8 ஹெச்பி. பூஜ்யத்துக்கு இறக்கிய பிறகும் மிஞ்சும் சேதம் ஒருவரின் உச்ச ஹெச்பி அளவுக்கு இருந்தால் டெத் சேவ் (விழுந்தவர் பிழைக்க உருட்டும் பகடை) எதுவும் கிடையாது, அங்கேயே மரணம். 8 ஹெச்பிக்காரருக்கு அது ஒரே அடியில் 16. ஓகரின் 2டி8+4 அந்த 16ஐத் தொடுவதற்கு 23 சதவீத வாய்ப்பு. அடி பட்டால் நான்கில் ஒரு தடவை பாத்திரத்தாளைக் கிழிக்க வேண்டியதுதான். பலவீனமான லெவலில் ஒற்றைப் பெரிய அடியும், வலுவான லெவலில் பல சின்ன அடிகளும்தான் கொல்லும்.

வண்டிப் பாதையில் ஒரு பதுங்கல்

2014இல் புதியவர்களுக்காக வந்த ஸ்டார்ட்டர் செட்டின் முதல் சண்டையே நான்கு காப்ளின்களின் பதுங்கல் தாக்குதல். முதல் லெவல் நால்வருக்கு டெட்லி எல்லை 400. நான்கு காப்ளின் 200 எக்ஸ்பி, இரண்டு மடங்கு 400. முதல் நாள் ஆட வந்தவர்களுக்கு நேராக டெட்லி! உலகெங்கும் எத்தனையோ மேசைகளில் முதல் விஸார்ட் செத்தது இங்கேதான். இதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பார்ட்டி வழக்கமானது. ஃபைட்டர் ஏசி 18, ஹெச்பி 12. கிளெரிக் ஏசி 18, ஹெச்பி 10. ரோக் (அந்தத் திருடன் வகுப்பு) ஏசி 14, ஹெச்பி 10. விஸார்ட் ஏசி 12, ஹெச்பி 8. இரண்டு காப்ளின் பாய்ந்து வந்து கத்தியால் வெட்டும், இரண்டு 30 அடி தள்ளி நின்று அம்பு விடும்.

அந்த இரண்டு அம்பும் விஸார்டை நோக்கி வருகின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 65 சதவீதம் படும். இரண்டும் பட்டால் பெரும்பாலும் ஆள் கீழே. ஒன்று மட்டும் பட்டாலும் 6 விழுந்தால் சரியாக 8 சேதம், கீழே. எல்லாம் கூட்டிப் பார்த்தால் விஸார்ட் தன் முறை வருமுன் விழ ஏறக்குறைய பாதி வாய்ப்பு. காலையிலேயே மேஜ் ஆர்மர் (காக்கும் மந்திரம்) போட்டிருந்தால் ஏசி 15, வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். முதல் லெவலில் இரண்டே ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) இருக்கையில் ஒன்றை மேஜ் ஆர்மருக்குக் கொடுக்க மனம் வராது. ஆனால் கீழே கிடக்கும் விஸார்டிடம் இரண்டு ஸ்லாட் மிச்சமிருந்து யாருக்கு என்ன பயன்?

பதுங்கலில் இன்னொரு கொடுமை, 2014 விதிப்படி திகைத்தவர்கள் முதல் முறையில் நகரவும் முடியாது, எதுவும் செய்யவும் முடியாது. எதிரிகளுக்கு நான்கு தாக்குதலுக்குப் பதில் எட்டு கிடைத்துவிடுகிறது. 2024 திருத்தம் இதை மாற்றி, திகைத்தவருக்கு இனிஷியேட்டிவில் (முறை வரிசைக்கான உருட்டலில்) டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் குறைந்தது) மட்டும் என்றாக்கியது, நல்ல திருத்தம். பழைய விதியில் ஆடுகிறவர்களுக்கு பெர்செப்ஷன் (கவனித்துக் கண்டுபிடிக்கும்) திறமை உள்ள இரண்டு பேரை முன்னே நடக்கவிடுவது ஒரு ஷீல்டைவிடப் பெரிய பாதுகாப்பு. காப்ளினின் ஸ்டெல்த் (ஒளிதல்) +6, சராசரி 16 விழும். விஸ்டம் (விவேகம்) 16, பெர்செப்ஷன் பயிற்சி உள்ள முதல் லெவல் கிளெரிக்கின் பாஸிவ் (உருட்டாமலே கவனிக்கும் எண்) 15. பாதிக்குச் சற்றுக் குறைவாகவாவது கண்டுபிடிப்பார். இருப்பவர் எல்லோருக்கும் பாஸிவ் 10 என்றால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

சரி, விஸார்ட் தப்பி நிற்கிறார், முறை வந்துவிட்டது. ஃபயர் போல்ட் மந்திரம் விட்டால் ஒரு காப்ளினைப் பாதிக்கலாம். ஸ்லீப் போட்டால் 5டி8, சராசரி 22 ஹெச்பி அளவுக்கு உயிர்கள் உறங்கும், தப்பிக்க உருட்டும் சேவிங் த்ரோ (சேவ்) இல்லை. 7 ஹெச்பி காப்ளின் மூன்று ஒரே வீச்சில் போயிற்று. எதிரியின் நான்கு தாக்குதல் ஒன்றாகிவிட்டது. வட்டத்தின் ஆரம் 20 அடிதான், அதனால் எல்லாம் சிதறி நிற்கும்போது இது நடக்காது. ஆட்டம் முதல் லெவலில் ஸ்லீப்பைத் தாங்கி நிற்கிறது என்றே சொல்லலாம். ஐந்தாம் லெவலில் அதே ஸ்பெல் அநேகமாக வீண். அப்போது எதிரிகளின் ஹெச்பி எங்கோ போயிருக்கும். (2024இல் ஸ்லீப்புக்கு சேவ் வந்துவிட்டது.)

ரோக்கும் ஃபைட்டரும் வெவ்வேறு காப்ளினை அடிப்பதுதான் அடுத்த பிழை. 1 ஹெச்பி மிச்சமுள்ள காப்ளின் 7 ஹெச்பி காப்ளின் அளவுக்கே பலமாக வெட்டும். காயத்துக்கு இந்த ஆட்டத்தில் தண்டனை இல்லை, பூஜ்யத்துக்குத்தான் உண்டு. ஆகவே ஒருவர் காயப்படுத்தியதை அடுத்தவர் முடிக்க வேண்டும். இரண்டு ஓகர்களோடு மோதும் பார்ட்டி ரவுண்டுக்கு 22 சேதம் செய்கிறதென்றால், ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்குப் போவதில் ஏறக்குறைய ஒன்பது ஓகர் அடி வாங்க நேரும். இரண்டையும் மாறி மாறி அடித்தால் பன்னிரண்டு வரை போகும். சேதம் செய்தது ஒரே அளவு, வாங்கியது மட்டும் கூடுதல்.

அம்பு வரும் திசையில் குப்புறப்படுத்துக்கொள்வது பலருக்குத் தோன்றாத வழி. படுத்திருப்பவர் மீது தொலைவிலிருந்து விடும் தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ். ஏசி 12 விஸார்டுக்கு 65 சதவீதம் 42 ஆகிவிடும். எழுவதற்கு நகர்வில் பாதி செலவாகும், அவ்வளவுதான். பக்கத்தில் கத்தியோடு ஒருவன் நின்றால் இதைச் செய்யாதீர்கள், அவனுக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் அதிகமானது) கிடைத்துவிடும். வண்டிக்குப் பின்னால் நின்றால் பாதி மறைவு, ஏசிக்கு +2.

டாங்க் என்ற நம்பிக்கை

கணினி விளையாட்டிலிருந்து வருகிறவர்கள் எதிரி தானாக டாங்க்கையே அடிப்பான் என்று எதிர்பார்க்கிறார்கள். ஐந்தாம் பதிப்பில் எதிரியின் கவனத்தை இழுத்துப் பிடிக்கும் பொது விதி எதுவும் இல்லை. ஏசி 20 ஃபைட்டரைச் சுற்றிக்கொண்டு போய் ஏசி 12 விஸார்டை வெட்டுவது எந்தப் புத்தியுள்ள எதிரியும் செய்யக்கூடியது. கடந்து போகும்போது ஃபைட்டருக்கு ஒரு ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் (விலகுபவர் மீது விடும் இலவச அடி) உண்டு, ரவுண்டுக்கு ஒரே ஒரு ரியாக்‌ஷன். இரண்டாவது ஆள் கடந்தால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். காப்ளினுக்கு அந்த ஒன்றும் பொருட்டில்லை, முக்கிய செயலோடு கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனிலேயே டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகல்) செய்யும்.

முன்வரிசையை உண்மையில் உண்டாக்குவது இடம். 5 அடி அகல நடைவழி, வாசல், பாலம். அங்கே நிற்கும் ஃபைட்டரைத் தாண்ட எதிரிக்கு வழி இல்லை; அவனைவிட இரண்டு அளவு பெரியதோ சிறியதோ ஆனால்தான் ஊடே போக முடியும். திறந்தவெளியில் அதே ஃபைட்டர் ஒரு கம்பம். எனவே "டாங்க் இருக்கிறாரா" என்பதோடு "எங்கே நிற்கப்போகிறோம்" என்றும் கேளுங்கள். திறந்த இடத்தில் சிக்கினால் சென்டினல் ஃபீட் (கடந்து போகிறவரை நிறுத்தும் சிறப்புத் திறன்), கிராப்பிள் (கட்டிப்பிடித்தல்), பாலடின் என்ற புனித வீரனின் கம்பெல்ட் டூயல் (தன்னோடே மோதவைக்கும் மந்திரம்) மாதிரி சில கருவிகள் ஓரளவு உதவும்.

இன்னொன்று, வலிமையை நம்பும் ஃபைட்டருக்குத் தொலைவு ஆயுதம் இல்லாமல் போவது. ஐந்து ஜாவலின் (எறியீட்டி) வாங்கி முதுகில் போட்டுக்கொள்ளுங்கள். பறக்கும் எதிரி வந்த அன்று பார்ட்டியின் பெரிய அடிகாரர் மூன்று ரவுண்டு "டாட்ஜ்" (அடி தவிர்ப்பு) சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்க்கவே மனம் பொறுக்காது.

எப்போது ஆற்றுவது

கிளெரிக் ஆட வந்தவர் பாதி ஹெச்பியில் இருக்கும் நண்பரைப் பார்த்துப் பதறி க்யூர் வூண்ட்ஸ் (காயம் ஆற்றும் மந்திரம்) போடுவார். ஒரு ஆக்‌ஷன், ஒரு ஸ்லாட், 1டி8+3, சராசரி 7.5. எதிரே ஓகர் ஒரே அடியில் 13 எடுக்கிறது. ஆற்றுவது அடியோடு போட்டி போட முடியாதபடிதான் 2014 எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன. (2024இல் அதே ஸ்பெல் 2டி8 ஆனது, நிலைமை கொஞ்சம் மேல்.) அந்த ஆக்‌ஷனில் பிளெஸ் (ஆசி மந்திரம்) போட்டிருந்தால் மூன்று பேரின் தாக்குதலுக்கும் சேவுக்கும் ஒரு டி4 கூடும், ஒவ்வொரு தாக்குதலும் பன்னிரண்டரை சதவீதம் அதிகமாகப் படும், சண்டை ஒரு ரவுண்டு முன்னதாக முடியலாம். நடக்காத ரவுண்டில் வாங்காத அடிதான் ஆகப் பெரிய சிகிச்சை. பிளெஸ் கான்சன்ட்ரேஷன் (கவனம் கலைந்தால் முடிந்துவிடும் மந்திரம்) என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அடி பட்டால் கான் சேவ், டிசி (எட்ட வேண்டிய எண்) 10 அல்லது சேதத்தில் பாதி, எது அதிகமோ அது. பிளெஸ் போட்ட கிளெரிக் அடுத்த ரவுண்டே முன்வரிசைக்கு ஓடினால் மூவருக்கும் நஷ்டம்.

ஆற்றும் கணக்கு முழுதாகத் தலைகீழாவது ஒருவர் விழுந்த பிறகு. பூஜ்யத்துக்குக் கீழே ஹெச்பி இல்லை, மிஞ்சிய சேதம், முன்பு சொன்ன உடனடி மரண அளவைத் தொடாவிட்டால், காற்றோடு போய்விடும். 1 ஹெச்பி கொடுத்தாலும் விழுந்தவர் எழுந்து தன் முழு முறையையும் ஆடுவார். ஹீலிங் வேர்ட் இதனால்தான் விலைமதிப்பற்றது: 60 அடி தூரத்திலிருந்து, போனஸ் ஆக்‌ஷனில். கிளெரிக், பார்ட் (பாணர்), ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) மூவரிடமும் இருக்கிறது. கிளெரிக் இல்லாமலே பார்ட்டி ஓடும் என்பதற்கு இதுவே ஆதாரம். பாலடினின் லே ஆன் ஹேண்ட்ஸிலும் (கைவைத்து ஆற்றும் திறன்) 5 புள்ளியை ஒரே ஆளுக்குக் கொட்டாமல் ஒவ்வொரு புள்ளியாக மொத்தம் ஐந்து தடவை ஆட்களை எழுப்பலாம்.

இதில் சறுக்கும் இடங்கள் மூன்று. போனஸ் ஆக்‌ஷனில் ஸ்பெல் போட்டால் அதே முறையில் ஆக்‌ஷனுக்கு கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவாகாத சிறு மந்திரம்) மட்டும்தான். ஹீலிங் வேர்டும் பிளெஸும் ஒன்றாகப் போகாது. அடுத்து, இனிஷியேட்டிவ் வரிசை. கிளெரிக்குக்கும் விழுந்தவருக்கும் நடுவில் ஓகரின் முறை இருந்தால், எழுந்தவர் தன் முறை வருமுன் திரும்ப விழுவார், அதுவும் படுத்த நிலையில், ஓகருக்கு அட்வான்டேஜோடு. ஸ்லாட் போனது போனதுதான். மூன்றாவது, எல்லா ஆற்றலும் ஒரே ஆளிடம் இருப்பது. கிளெரிக் விழுந்தால் அவரை எழுப்ப யார்? ஆளுக்கொரு ஹீலிங் போஷன், 50 பொன், 2டி4+2. அது கையில் இல்லாத காலத்தில் 5 பொன்னுக்கு ஹீலர்ஸ் கிட். பத்து உபயோகம், பகடை உருட்டாமலே ஆளை நிலைப்படுத்தும். விஸ்டம் 8 உள்ளவரும் பயன்படுத்தலாம்.

யாரும் வராவிட்டால் டெத் சேவ்தான் கதி. டி20, பத்தும் அதற்கு மேலும் வெற்றி, மூன்று வெற்றியில் நிலைப்படுவார், மூன்று தோல்வியில் மரணம். 20 விழுந்தால் 1 ஹெச்பியோடு எழுவார், 1 விழுந்தால் இரண்டு தோல்வி. யாரும் தொடாமல் விட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 60 சதவீதம். "இன்னும் ரெண்டு ரவுண்டு தாங்குவான்" என்று ஒத்திப்போடுவோருக்கு இந்த எண் போதும். பக்கத்தில் நிற்கும் எதிரி விழுந்தவரை அடித்தால் பட்ட அடி தானாகவே கிரிட்டிக்கல் (இரட்டைப் பகடை அடி), இரண்டு தோல்வி. ஒரு முறைக்கு இரண்டு தாக்குதல் உள்ள எதிரி நினைத்தால் ஒரே முறையில் முடித்துவிடலாம். எதிரிகள் விழுந்தவரை அடிப்பார்களா என்பதை டிஎம் ஆட்டம் தொடங்குமுன்பே சொல்லிவிடுவது நியாயம். ஓநாய் இழுத்துப் போகும், வெறிகொண்ட ஜோம்பி கடிக்கும், கூலிப்படைக்காரன் நிற்கிறவனை நோக்கித் திரும்புவான் என்று எதிரியின் குணத்தைப் பொறுத்து வைத்தால் ஆடுகிறவர்களால் ஊகிக்கவும் முடியும்.

ஓடுவதற்கும் திட்டம் வேண்டும்

பார்ட்டி மொத்தமாகச் சாகும் சண்டைகளில் பெரும்பாலானவை ஒரு ரவுண்டு முன்னால் ஓடியிருந்தால் தப்பித்திருக்கக்கூடியவை. ஆனால் ஓடுவது இந்த விதிகளில் சுலபமில்லை. மனிதனின் வேகம் 30, காப்ளினுக்கும் 30, ஓநாய்க்கு 40. டிஸ்எங்கேஜ் செய்து 30 அடி விலகினால் எதிரி 30 அடி வந்து அடிப்பான். டாஷ் (இரட்டை ஓட்டம்) செய்தால் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக். விழுந்தவரைத் தூக்க வேண்டுமென்றால் இன்னும் மோசம். செயின் மெயில் (சங்கிலிக் கவசம்) மட்டுமே 55 பவுண்டு. உள்ளே 180 பவுண்டு ஃபைட்டர். வலிமை 8 விஸார்ட் சுமக்கக்கூடியது 120 பவுண்டு; அவரால் ஃபைட்டரை இழுக்க மட்டும் முடியும், ரவுண்டுக்கு 5 அடி வேகத்தில். பார்ட்டியில் ஆள் தூக்கக்கூடிய வலிமை ஒரே ஒருவருக்கு இருந்து, விழுந்தவரும் அவரேயானால் அவரை விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும்.

அதனால் சண்டைக்கு முன்பே ஒரு எல்லை பேசிவைத்துக்கொள்ளுங்கள்: இரண்டாவது ஆள் விழும்போது, அல்லது ஆற்றும் கடைசி ஸ்லாட் போகும்போது, விவாதமில்லாமல் விலகல். பின்னால் வருகிறவனைத் தடுக்க 1 பொன்னுக்குக் கிடைக்கும் கால்ட்ராப்ஸ் (தரையில் கொட்டும் முட்கள்) போதும். 5 அடிச் சதுரத்தில் கொட்டினால் டெக்ஸ் (சுறுசுறுப்பு) சேவ் டிசி 15, தவறினால் அங்கேயே நின்றுவிடுவான். அதே விலையில் பால் பேரிங்ஸ் 10 அடிச் சதுரம், டிசி 10, விழுவான். குறுகிய வழியில் இவை ஒரு ரவுண்டு வாங்கித் தரும். ஃபாக் க்ளவுட் (மூடுபனி மந்திரம்) இருந்தால் கூடுதல் நிம்மதி. பார்க்க முடியாதவருக்கு ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் கிடையாது.

டிஎம் பக்கமும் ஒரு வால்வு உண்டு. 1981 பேஸிக் பதிப்பில் ஒவ்வொரு எதிரிக்கும் மொரேல் (மன உறுதி) என்று ஓர் எண் இருந்தது. முதல் ஆள் சாகும்போதும், பாதிப் பேர் விழும்போதும் 2டி6 உருட்டு. அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம். எண் 7 என்றால் ஒவ்வொரு உருட்டலிலும் 42 சதவீதம் ஓடும். ஐந்தாம் பதிப்பில் இது பெரிதும் டிஎம் விருப்பத்துக்கு விடப்பட்டதால் பல மேசைகளில் கடைசிக் காப்ளின் வரை செத்து மடிகிறது, அந்தக் கடைசி இரண்டு ரவுண்டில் பார்ட்டியும் தேவையில்லாமல் இரத்தம் சிந்துகிறது. மொரேலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சண்டை சுருங்கும், ஓடிப்போன காப்ளின் அடுத்த கதைக்கும் ஆகும்.

அந்த ஸ்டார்ட்டர் செட் பதுங்கலை எழுதியவர்கள் இதை உள்ளேயே வைத்திருந்தார்கள். மூன்று காப்ளின் விழுந்ததும் நான்காவது காட்டுப்பாதையை நோக்கி ஓடப்பார்க்கும். பார்ட்டி தோற்றுவிட்டால் காப்ளின்கள் கொல்வதில்லை. மயங்கிக் கிடப்பவர்களை அப்படியே விட்டு, அவர்களையும் வண்டியையும் கொள்ளையடித்துக்கொண்டு தங்கள் குகைக்குப் போய்விடும். டெட்லி என்று கணக்கு சொல்லும் ஒரு சண்டையை முதல் நாளிலேயே தைரியமாக வைக்க முடிந்தது இந்த இரண்டு வரி இருந்ததால்தான். நீங்கள் எழுதும் சண்டைக்கும் எதிரியின் ஹெச்பிக்குப் பக்கத்திலேயே இந்த இரண்டையும் குறித்து வையுங்கள்: எப்போது ஓடுவார்கள், ஜெயித்தால் என்ன செய்வார்கள்.